ஜன்னலில் ஒரு பெயர்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதுகுவலி எப்படி இருக்கிறது? பஸ் டிப்போவில் இன்னும் வண்டிக்கு அடியில்தான் படுத்துக் கிடக்கிறாயா? மூன்று கடிதத்துக்கு ஒன்றாவது பதில் போடக் கூடாதா?

நம் சர்ச்சில் ஞாபகார்த்த ஜன்னல் வைக்கிறார்கள். போரில் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்த குண்டு, வெடிக்காமல் தரையில் செருகி நின்றதே, அந்த நாளுக்காக. அன்று உள்ளே பதுங்கியிருந்த நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பெயரும் வண்ணக் கண்ணாடியில் வரும். உன் பெயர் உண்டு, என் பெயர் உண்டு. உன் அத்தான் பெயர் இல்லை. "அவர் பாதியில வெளியே ஓடிட்டாரேம்மா, இன்னொரு குண்டுல செத்தது தெருவுலதானே" என்கிறார் கமிட்டி செயலாளர்.

முப்பது வருஷமாக அந்த சர்ச்சைப் பெருக்குகிறேன். முப்பது வருஷமாக இதே பேச்சு. அவர் பயந்து ஓடுகிற ஆளா? கதவருகே அவரோடு நின்றது நீதான். ஏன் போனார் என்று கமிட்டிக்கு இரண்டு வரி எழுதிப் போடு.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. வேலைதான் கழுத்தை நெரிக்கிறது. அத்தான் விஷயம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கண்ணாடியில் பெயர் வந்தால் மனுஷன் திரும்பி வந்துவிடுவாரா? விட்டுவிடு.

தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பி,

விடமாட்டேன். கண்ணாடிக்காரர் ஒரு சின்னக் கட்டத்தை எழுதாமல் வைத்திருக்கிறார். "மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன்மா, அப்புறம் சூளையில வச்சுச் சுட்டுடுவேன், பேர் சேர்க்க முடியாது" என்றார். இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ரேடியோவோடுதான் சண்டை போடுகிறேன். எனக்கென்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தேனா என்று அன்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தானிடம் சொன்னேன். போய்ப் பார்க்க எனக்குப் பயம். "நீ அக்கா பக்கத்துல இரு மாப்ளே, நான் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அப்புறம் எல்லோரும் அவரை ஓடிப்போனவர் என்றபோது எனக்கு வாய் வரவில்லை. கிடைத்த முதல் வேலைக்குக் கப்பலேறிவிட்டேன். ஓடிப்போனவன் நான்தான்.

பதில் எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

மே 6

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தார்கள். செயலாளர் மன்னிப்புக் கேட்டார். ஜன்னலில் காலியாக இருந்த கட்டத்தில் அவர் பெயர் வந்துவிட்டது. நான் நாள் முழுக்க அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ பயந்ததில் எனக்குக் கோபம் இல்லை. பத்தொன்பது வயசு. ஆனால் ஊரே அவரைக் கோழை என்றபோது, என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. அவர் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. மறுநாள் நான்தான் வீட்டைத் திறந்தேன். அடுப்பில் எண்ணெய் நிறைய இருந்தது, திரி அணைந்திருந்தது. நீ அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய்.

இனி எழுதாதே.

அவர் மனைவி