பழையாத்தங்காட்டில் இறங்கிய ஆறு

மோகனூர் பக்கம்,
ஐப்பசி கடைசி

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் போர் போடுகிற அந்த ரிக் வண்டியோடு அலைகிற ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன் சாமி. போன வார மழையில் மணலாறு தன் தடத்தை விட்டு நம் பழையாத்தங்காட்டு நிலத்துக்குள் இறங்கிவிட்டது. உனக்கு வீடு கட்ட அப்பா பறித்து வைத்திருந்த கடைக்கால் குழியெல்லாம் போய்விட்டது, அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது. மழை நின்றும் ஆறு தன் தடத்துக்குத் திரும்பவில்லை, அதன்மேல் கட்டிய புதுப் பாலத்துக்கு அடியில் வெறும் மணல்தான் கிடக்கிறது. சேறு வாரி வாரி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஆற்றைப் பார்க்க ரஞ்சனி என்று நிலவியல் படித்த அதிகாரிப் பெண் வந்தது. அறுந்து நின்ற கரையைக் காட்டி, மேலே செம்மண், அடியில் மணல், அதற்கும் அடியில் கூழாங்கல், பாருங்கம்மா என்றது. நீ போர் போடும்போது வரும் என்பாயே, அதே உருண்டைக் கல். ஆறு மலையிலிருந்து உருட்டி வந்ததாம், முன்காலத்தில் இந்த வழியாகவே ஓடி, மணல் மேடிட்டு விலகிப் போனதாம், விலகிச் சில நூறு வருஷம் இருக்கலாமாம். காட்டின் பெயரைக் கேட்டது, சொன்னேன். பழைய ஆத்தா காடு என்று நினைத்து வருஷா வருஷம் பொங்கல் வைத்தோமே, அது ஆத்தா இல்லையாம், பழைய ஆற்றங்காடு என்பதுதான் அப்படி ஆகியிருக்குமாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் கரை கட்டி ஆற்றைத் திருப்ப ஜேசிபி வரச்சொன்னார். திருப்பினால் தண்ணீர் எதிர்க்கரை வீடுகளில் ஏறும் என்று அந்தப் பெண் சொன்னதும் அங்கே போய்ப் பார்த்தார். அந்தக் கரையில் குடியிருக்கும் காத்தானின் மகள் ஜோதி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாசத்தோடு வாசலில் துணி காயப்போட்டவள், வாங்க, தண்ணி குடிக்கறீங்களா என்றாளாம். திரும்பி வந்தவர் ஜேசிபியை வேலை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, நம்ம பையன் ஊட்டுக்கு எங்க போறதுங்க என்று கத்தினேன். “அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள ஆத்த உட்டுட்டு நம்ம பையன் எந்த ஊட்டுல நிம்மதியாப் படுப்பான்?” என்றார்.

டீக்கடையில் பொன்னன் விளையாட்டாக, சென்றாயன் ஆத்துல இன்னைக்கு எவ்வளவுங்க தண்ணி என்று கேட்க, ஊரெல்லாம் அப்பா பெயரே அந்த ஆற்றுக்கு வந்துவிட்டது. அப்பா டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். மலைப்பக்கம் கரட்டாறு, நம் பக்கம் மணலாறு, ஒரே தண்ணீருக்கு ஊருக்கொரு பெயர் இருக்கிறதே, இந்தப் புதுத் தடத்துக்கு வரைபடத்தில் என்ன எழுத என்று ரஞ்சனியும் கேட்டது. “எம்பேரு வேண்டாங்க. பழையாறுன்னே தெளிவாப் போடுங்க. நாங்க மறந்த மாதிரி எங்க பேரனும் மறந்துட்டு அங்க கடைக்கால் பறிக்கக் கூடாது” என்றார் அப்பா.

வேறு இடம் பார்ப்போம் சாமி, மனசை விட்டுவிடாதே. அப்பாவுக்கு நீயாகவே போன் போடு. வீட்டைப் பற்றிக் கேட்காதே, உடைந்துபோவார். சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். மின்னல் வெட்டும்போது ரிக் பக்கத்தில் நிற்காதே. எங்கே போர் போட்டாலும் உன் கைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா குஞ்சம்மாள்