நாற்காலிக்குக் காலுறை

மார்ச் 3, செவ்வாய்

குடையில் மூன்று கம்பி ஒடிந்துவிட்டது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிகளை உருவிவிட்டு விளிம்பைச் சுருக்கித் தைத்தால் ஈரத் துணி போட்டுக்கொள்ள ஒரு பை வருமா என்று பார்த்தேன். வந்தது. தவளை வயிறு மாதிரி உப்பலாக, ஆனால் ஒரு சொட்டு கசியவில்லை. மகள் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிட்டு நான் காலேஜுக்குப் போக மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவளை யார் கேட்டது?

தையல் கடையில் பகல் முழுக்க மற்றவர்களின் பேண்ட்டைக் குட்டை பண்ணுகிறேன். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட மனசு வராமல் பையில் அடைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் முகம் தெரியாத மனிதர்களின் கால்கள். பழைய ஜீன்ஸின் பாக்கெட்டுகள் சமையலறைச் சுவரில் கரண்டி தாங்குகின்றன. என் வீட்டுக்காரர் இவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கத்திரி'. நான் அலமாரிப் பக்கம் போனாலே தன் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்கிறார். முழங்கை இரண்டும் பிய்ந்து தொங்குகிற ஸ்வெட்டர். "இது மேல மட்டும் கை வெச்ச, அப்புறம் நடக்கறதே வேற."

மார்ச் 5, வியாழன்

எனக்கு வார விடுமுறை. இவருக்குப் பகல் எப்படி நரகம் என்று இன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

அச்சகத்தில் இரவு வேலை முடித்து, விடிந்த பிறகு வந்து படுக்கிற மனிதர். கண் அசந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் நாற்காலியை இழுக்க ஆரம்பிக்கிறார்கள். க்ர்ர்ர் — கொஞ்சம் நிறுத்தம் — மறுபடி க்ர்ர்ர். தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டே ஹாலுக்கு வந்தார். "அந்த மனுஷன் வீட்டுக்குள்ளயே பஸ் ஓட்டறாரா?"

மேலே இருப்பவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். மகன் வேறு ஊரில். ஒரே ஒரு ஆள் எதற்காக ஒரு நாற்காலியை நாள் முழுக்க இழுக்க வேண்டும்? சத்தம் போகும் வழியிலேயே நானும் கீழே நடந்து பார்த்தேன். படுக்கையறை, ஹால், சமையலறை, திரும்பவும் ஹால், ஜன்னல். ஜன்னலோரம் நெடுநேரம் நிற்கிறது. போகிற இடத்திலெல்லாம் சிம்மாசனம் கூடவே வர வேண்டுமா? மகள் சொல்கிறாள், பல்லி விரட்டுகிறாராம். ஒவ்வொரு சுவராக ஏறி.

மார்ச் 9, திங்கள்

யோசனை வந்துவிட்டது. சத்தம் நாற்காலியுடையது இல்லை, அதன் நாலு காலுடையது. காலுக்கு உறை போட்டால்?

ஒற்றையாகிப்போன சாக்ஸ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஜோடி எங்கே போகிறதோ, அது தனி ஆராய்ச்சி. இவருடைய கம்பளி சாக்ஸில் நாலைத் தேர்ந்தெடுத்தேன். பாதத்தை வெட்டி, உள்ளே பேண்ட் துண்டை மூன்று மடிப்பாக வைத்து, மேலே எலாஸ்டிக். எங்கள் நாற்காலிக்கு மாட்டி இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு விரலால் தள்ளினேன், சுவர் வரைக்கும் போய் நின்றது. ரொம்ப நேரம் தள்ளி விளையாடினேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

மாடிக்குப் போய்க் கொடுத்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே அந்த நாற்காலி. பழைய மரம், கனமானது.

"உள்ள வாம்மான்னு கூப்பிடணும். வீடு கெடக்கற கெடயில கூப்பிட முடியல" என்றார்.

இரவு வேலை, பகல் தூக்கம் எல்லாம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "தூங்கற மனுஷனைக் கெடுத்துக்கிட்டு இருந்தேனா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா." உறையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். "வண்டிக்கு ஷூவா. ஜோரா இருக்கு."

எதற்காக இழுக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 13

சத்தம் இல்லை. இவர் குறட்டை.

மார்ச் 15, ஞாயிறு

மேல்வீட்டு மகன் போன் பண்ணினார். மாதம் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார். "அப்பா எப்படி இருக்கார்க்கா? அவர்கிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னே சொல்றார். ஏதாவது ஒண்ணுன்னா சொல்லுங்க, இங்க கூட்டிட்டு வந்துடறேன். வீட்டை வித்துடலாம்."

"நல்லா இருக்கார். இப்பல்லாம் சத்தமே இல்ல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தேன். பழைய துண்டுகளை இணைத்துக் கால்மிதி தைத்துக்கொண்டிருந்தேன். இவர் தூங்கினார். மேலே அமைதி. எவ்வளவு சுகமா இருக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே தைச்சேன். மத்தியானம் டீ போட்டபோது ஒரு டம்ளர் மேலே கொடுக்கலாம் என்று தோன்றியது, உறை எப்படி உழைக்கிறது என்று பார்க்கும் சாக்கில். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "யாரு? வாம்மா, வா" — குரல் தரையிலிருந்து வந்தது.

சமையலறை வாசலில் கிடந்தார். பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்து, நாலு காலும் மேலே. என் நாலு உறையும்.

காலையில் விழுந்தவர். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தரையைக் கையால் தட்டியிருக்கிறார். நேர் கீழேதான் இவர் படுத்திருந்தார். நான் மெஷினை ஓட்டிக்கிட்டு இருந்தேன். கேக்கவே இல்லையே. ஒண்ணுமே கேக்கலையே.

இவரை எழுப்பினேன். இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு பிசகியிருக்கிறது, இடுப்பில் ரத்தம் கட்டியிருக்கிறது. திரும்பி வரும்போதுதான் சொன்னார். ஒரு வருஷமாக இடது கால் சரியாக ஊன்ற வருவதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து, முன்னால் தள்ளித் தள்ளித்தான் வீட்டுக்குள் நடக்கிறார். அவர் பல்லி விரட்டவில்லை. சிம்மாசனமும் இல்லை.

"வழுக்கும்னு தெரிஞ்சும் ஏங்க அந்த உறையைப் போட்டீங்க?"

"அவர் தூங்கணும்ல" என்றார்.

மார்ச் 20

வேலைக்குப் போகவில்லை. உறைகளைக் கத்திரியால் வெட்டி வெட்டித் தூளாக்கினேன். எதையும் தூக்கிப் போடாதவள், அதை மட்டும் குப்பையில் போட்டேன்.

சாக்ஸ் தன்னுடையது என்பதாலோ என்னவோ, இவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மாலை மேலே போனேன். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டார். வீடு பளிச்சென்று இருக்கிறது. கிடக்கிற கிடை என்றது வெறும் சாக்கு. நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

மகனிடம் சொல்லாதே என்றார். சொன்னால் மறுநாளே வந்து மூட்டை கட்டிவிடுவானாம். "அங்க எனக்கு ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. இங்க நாலு ரூட் பஸ் போகுது பாரு."

ஜன்னலோரம் ஏன் அவ்வளவு நேரம் என்பதும் புரிந்தது. புரிந்தால் மட்டும் போதுமா? அவர் மகனிடம் நான் ஒரு முறை 'நல்லா இருக்கார்' என்று சொல்லிவிட்டேன், இன்னொரு முறை என் வாயில் வராது. "நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன். கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இறங்கி வரும்போது எனக்கே என்மேல் எரிச்சல்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டாராம். மகன் அடுத்த வாரக் கடைசியில் வருகிறார். கூட்டிப்போகத்தான்.

"அதுக்குள்ள என் வண்டிக்கு பிரேக் போட முடியுமா?" என்று கேட்டார். கோபம் போய்விட்டது போலிருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

சைக்கிள் கடையில் பஞ்சரான ட்யூப் கேட்டேன். ஒரு கத்தை தூக்கிக் கொடுத்தார்கள். வெட்டி நாலு காலுக்கும் இறுக்கமாக மாட்டினேன். எங்கள் வீட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்து, இடது காலை ஊன்றாமல் நானே நடந்து பார்த்தேன். நகரவே மாட்டேன் என்றது. அழுத்தித் தள்ளினால் முன்பக்கம் கவிழப் பார்க்கிறது. இதைக் கொடுத்திருந்தால் இரண்டாவது தடவை விழுந்திருப்பார். முதல் தடவையே இப்படி நடந்து பார்த்திருக்க வேண்டும். சுவர் வரைக்கும் தள்ளி விளையாடத் தெரிந்தது, சாய்ந்து பார்க்கத் தெரியவில்லை.

மேலே போய்ச் சொன்னேன். யோசித்தார். "முன்னாடி ஓடணும், பின்னாடி நிக்கணும். நாலும் ஓடுனாலும் வம்பு, நாலும் நின்னாலும் வம்பு."

முன் கால் இரண்டுக்கும் கோட்டுத் துணி. யாரோ ஒருவர் கையைக் குட்டை பண்ணக் கொடுத்த கோட்டின் துண்டு. பின் கால் இரண்டுக்கும் ரப்பர். பின்னங்காலை லேசாகத் தூக்கித் தள்ளினால் போகிறது. கையை ஊன்றி எடையைப் போட்டால் அந்த இடத்திலேயே பிடித்து நிற்கிறது. எங்கள் ஹாலை நாலு சுற்று வந்தேன். இவர் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, "உனக்கும் கால் போச்சா?" என்றார். பிறகு அவரும் ஒரு சுற்று நடந்து பார்த்தார். ஸ்வெட்டரோடு.

மார்ச் 29, ஞாயிறு

டிரைவர் ஓட்டிப் பார்த்தார். சமையலறை வரை போய், திரும்பி, ஜன்னல் வரை. நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். "கண்டக்டர் மாதிரி பின்னாடியே வராதம்மா, பயமா இருக்கு" என்றார்.

நன்றாகத்தான் போகிறது. ஆனால் மறுபடியும் சத்தமில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 1

முன் கால் ஒன்றில் துணியைக் கழற்றிவிட்டு, சோடா பாட்டிலின் தகர மூடியை ஆணியடித்துவிட்டேன். அந்தக் காலுக்குச் சத்தம் போடுவது மட்டும்தான் வேலை. தரை கீறுமே என்றேன். "என் தரை, கீறட்டும்" என்றார்.

ஏப்ரல் 4, சனி

மகன் வந்தார். கையில் பளபளவென்று ஒரு அலுமினிய வாக்கர், சட்டைப் பையில் ரயில் டிக்கெட் இரண்டு. நாற்காலியைப் பார்த்ததும் அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஏன்க்கா, இவருக்கு வாங்கிக் குடுக்க நான் இல்லையா? இதென்ன, சோடா மூடியெல்லாம்?"

என் உறையால்தான் விழுந்தார் என்று சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். அவர் குனிந்து அந்தச் சோடா மூடியைத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் மேலே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா மகனுக்கு ஓட்டிக் காட்டுகிறார். சமையலறைக்குப் போய் டீ போட்டு, டம்ளரை நாற்காலிப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஹாலுக்கு வந்து, டம்ளரை மகன் கையில் கொடுத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தாராம். வாக்கரைக் காட்டி, "உன் வண்டியில சீட் இருக்கா?" என்று கேட்டாராம். மகனே கீழே வந்து சொன்னார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"இங்கயே விட்டுட்டுப் போறதுக்கு எனக்குத் தைரியம் வரலக்கா. மறுபடி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "எனக்குத் தெரியும். பகல் பூரா அவருக்கு நேர் கீழதான் படுத்திருக்கேன். அந்த மூடி சத்தம் நின்னா நான் மேல இருப்பேன்."

ஒரு வருஷமாக அந்த வீட்டை அண்ணாந்து பார்த்துத் திட்டியவர். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6

மகன் தனியாகத்தான் ரயில் ஏறினார். ஒரு மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மாசம்.

ஏப்ரல் 13

வாக்கரை ஜன்னலோரம் விரித்து வைத்து டிரைவர் அதில் துண்டு, பனியன் எல்லாம் காயப்போட்டிருக்கிறார். நல்ல காற்றோட்டமாம். எனக்கே தோன்றாத யோசனை. என் தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது.

குடைத் துணிப் பை காணோம். மகள் காலேஜுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கேட்டால் மழை என்பாள்.

ஏப்ரல் 23, வியாழன்

விடுமுறை. மெஷினை நிறுத்தியிருந்தேன். மேலே சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. இவர் அதற்கு நடுவே நன்றாகத் தூங்கினார். நடுவில் சத்தம் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. இவர்தான் விருட்டென்று எழுந்து, பனியனோடு, செருப்புகூடப் போடாமல் படியேறினார். நான் பின்னாலேயே ஓட, பாதிப் படியில் எதிரே வந்தார்.

"ஒண்ணுமில்ல. ஜன்னல்கிட்ட உக்காந்துட்டு இருக்கார். போ."

வீட்டுக்குள் வந்து படுக்காமல் அலமாரியைத் திறந்தார். பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"அந்த நாற்காலி முதுகு வெறும் கட்டை. பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கை செவந்து கெடக்கு. நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கை இரண்டையும் மட்டும் வெட்டினேன். பிய்ந்த முழங்கையை உள்ளே மடித்துவிட்டால் இரண்டு பிடிக்கும் சரியாக வருகிறது. மீதியை ஓரம் மடித்து அரைக்கை ஸ்வெட்டராக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மேலே சோடா மூடி நகர ஆரம்பித்துவிட்டது. இவர் தூங்குகிறார்.