போட்டிக்கு வந்தவள்

ஜூலை 3, 2025 – வியாழன்

எதற்காக அந்தப் படிவத்தை நிரப்பினேன்? எனக்குத் தெரியவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு, கிளினிக் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் பதினொரு கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ‘பத்து வாரம்’ – கோலாலம்பூரில் ஒரு வீட்டில் பத்துப் பேரைத் தங்கவைத்து, அவர்கள் இளைப்பதை வாராவாரம் தொலைக்காட்சியில் காட்டும் நிகழ்ச்சி. போன வருடம் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, இது மனிதர்களை அவமானப்படுத்துகிற வேலை என்று என் கணவர் குணாளனிடம் பிரசங்கம் செய்தவள் நான்.

வேலை என்ற இடத்தில் ‘அலுவலகப் பணி’ என்று போட்டேன். முழுப் பொய் இல்லை. எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக நீரிழிவு நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உணவு ஆலோசகர். நோயாளிகளுக்கு நான் ‘மிஸ்ஸி’. வயது நாற்பத்தெட்டு. எடை தொண்ணூற்றேழு கிலோ.

காலையில் அலாவுதீன் அண்ணன் வந்திருந்தார். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர், என் நோயாளி. சோற்றைக் குறைக்கச் சொன்னேன்.

“கொறைச்சிடலாம் மிஸ்ஸி. நீங்க ஒரு கிலோ, நான் ஒரு கிலோ. யாரு மொதல்ல? பெட் கட்டலாமா?”

கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் நிரப்பினேன் என்று எழுதினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் இதைவிட மோசமாகவெல்லாம் கேட்டிருக்கிறேன். அப்போது எதையும் நிரப்பவில்லையே.

ஜூலை 4 – வெள்ளி

அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று தேடினேன். இல்லை.

ஜூலை 9 – புதன்

கூப்பிட்டுவிட்டார்கள். இக்மல் என்று ஒரு பையன், குரலில் அவ்வளவு மரியாதை. “பினாங்கு ஆடிஷன் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை மேடம். டிராக் பேன்ட் போட்டுட்டு வாங்க. உங்க கதைய ரெண்டு நிமிஷத்துல சொல்ற மாதிரி ரெடி பண்ணிக்குங்க.”

“என்ன கதை?”

“எல்லாருக்கும் ஒன்னு இருக்கும்லா மேடம்.”

குணாளனிடம் சனிக்கிழமை ஒரு பயிற்சி இருக்கிறது என்று சொன்னேன். “சனிக்கிழமையுமா? பாவம்” என்றார். அந்தப் பாவம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருபது வருடத்தில் அவரிடம் சொன்ன பொய்கள் ஒரு கையில் அடங்கும். டிராக் பேன்ட் வேறு வாங்க வேண்டும். மூன்று எக்ஸ்.

ஜூலை 19 – சனி

எழுதிவிட்டால் தேவலாம். எழுதுகிறேன்.

பர்மா ரோடு பக்கம் ஒரு ஹோட்டல், மூன்றாம் மாடி மண்டபம். நூறு நாற்காலிகள் இருக்கும். எல்லாம் கைப்பிடி வைத்தவை. எடை குறைக்க வருபவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி! பாதிப் பேர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். வாசலில் 117 என்று ஒரு எண்ணைக் கொடுத்து நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒட்டவில்லை, கையில் வைத்திருந்தேன்.

“ஐயோ, மிஸ்ஸி!”

வள்ளியம்மா. எட்டு வருடமாக என்னிடம் வருபவர். ஐம்பத்தாறு வயது. பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது சுங்கை பினாங்கில் பிளாட். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். வீட்டுக்கு வந்தால் அங்கே ஆறு பேருக்குச் சமையல். நெஞ்சில் 96. பக்கத்தில் மகள் சாந்தினி.

என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். “இங்க பாரு, எங்க கிளினிக் மிஸ்ஸி! ஷோவுக்கு டயட் சொல்ல இவங்களத்தான் கூப்பிட்டிருக்காங்க. அப்படித்தானே மிஸ்ஸி?”

நான் வேறு எதற்கும் வந்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எண்ணை உள்ளங்கைக்குள் மடித்தேன்.

“ஆமா” என்றேன்.

“அப்ப உள்ள எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கலா மிஸ்ஸி.”

“சொல்றேன்.”

இவ்வளவுதான். இரண்டு சொல். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

எதற்காக இதில் சேர வேண்டும் என்று கேட்டேன். என்னிடமே பதில் இல்லாத கேள்வியை அவரிடம் கேட்கிறேன் பார். அவர் யோசிக்கவே இல்லை. “பத்து வாரம் யாரோ சமைப்பாங்க மிஸ்ஸி. நான் உக்காந்து சாப்பிடுவேன்.”

“கொஞ்சம்தாம்மா கொடுப்பாங்க” என்றாள் சாந்தினி.

“கொஞ்சமோ நஞ்சமோ, சட்டிய நான் கழுவ வேணாமே!”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு இரண்டு மூன்று பெண்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள் – இரவில் பழம் சாப்பிடலாமா, பழுப்பரிசி நல்லதா. பதில் சொன்னேன். என் கிளினிக் குரலிலேயே சொன்னேன். கையில் எண் ஈரமாகிக்கொண்டிருந்தது.

வள்ளியம்மாவின் எண்ணைக் கூப்பிடும்போது கழிவறைக்குப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் உள்ளேயே இருந்தேன். அம்மாவும் மகளும் கிளம்பிப் போனது தெரிந்தபிறகுதான் வெளியே வந்தேன்.

என் முறை. எடை மேடையில் நின்றதும் பின்னால் பெரிய திரையில் 97.8. மூன்று நடுவர்கள். எப்போது கடைசியாக அழுதீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். கண்ணாடியைப் பார்த்தால் என்ன தோன்றும்? பல் துலக்கத்தான் பார்க்கிறேன் என்றேன். இக்மல் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்க மேடம்” என்று கெஞ்சுவதுபோல் சொன்னான். மனசு விட்டா? என் மனசு அப்போதும் கழிவறைக்குள்தான் இருந்தது.

ஜூலை 20 – ஞாயிறு

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மறந்ததல்ல. விட்டதுதான்.

வள்ளியம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு ஜூனிலேயே என் மேசைக்கு வந்துவிட்டது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு வேளை இன்சுலின். எங்கள் டாக்டர் ருக்கையா ஆங்கிலம் கலந்து அவசரமாக அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்ற அளவில்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது தமிழில் நிதானமாக விளக்குவது என் பொறுப்பு. அந்த நிகழ்ச்சியின் அரை வயிறும் மூன்று மணி நேர ஓட்டமும் அவர் உடம்புக்கு ஆபத்து. அங்கேயே, அந்தச் சுவரோரத்திலேயே, ‘அம்மா, இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசியிருந்தால், என்னையும் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஆலோசகர் என்று வேடம் போட்டேன். ஆலோசனையை மட்டும் சொல்லவில்லை.

எப்படியும் அவரை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 28 – திங்கள்

மின்னஞ்சல். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’ என்னை எடுக்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சாயங்காலம் காரிலேயே உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த இரண்டு கறிப்பப் தின்றேன். பையைக் கசக்கி வெளியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

ஜூலை 30 – புதன்

வள்ளியம்மாவை எடுத்துவிட்டார்கள்.

முன்பதிவு இல்லாமல் வந்து நின்றார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். “மிஸ்ஸி, உங்க வார்த்த! உங்க ஒரு வார்த்தையாலதான்!” நர்சுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து அறையிலிருந்து ரொஸ்னாவும் எட்டிப் பார்த்தாள். அவளும் என்னைப்போல் உணவு ஆலோசகர்தான், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஒல்லி.

நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பழத்தோடு ஒரு படிவம். கலந்துகொள்ளத் தடையில்லை என்று கிளினிக்கிலிருந்து கையெழுத்து வேண்டும். உணவுப் பகுதிக்கு நான், கடைசியில் டாக்டர். எட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பார்த்து வைக்கிறேன், அடுத்த புதன் வாங்க என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுபடியும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

ஜூலை 31 – வியாழன்

டாக்டர் ருக்கையா பார்த்துக்கொள்வார், அவரே மறுத்துவிடுவார் என்று ஒரு ஆசை. படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அறுபது பேர் காத்திருந்தார்கள். நிமிராமலே, “நீ போட்டா நான் போடறேன் காமினி. ஒனக்குத்தான் அந்தம்மாவத் தெரியும்” என்றார்.

ஆமாம். எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 2 – சனி

கையெழுத்துப் போடக் கூடாது. இதில் சந்தேகமே இல்லை. எந்த மாணவியும் சொல்வாள். பிறகு ஏன் பேனாவை எடுத்தால் கை கூசுகிறது?

என்னை ஒதுக்கியவர்கள் அவரை எடுத்திருக்கிறார்கள். இப்போது அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் என் கையில். எனக்கும் இடம் கிடைத்து, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கோலாலம்பூர் போவதாக இருந்திருந்தால்? அப்போதும் இவ்வளவு உறுதியாக மறுப்பேனா? மறுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பதைத்தான் எழுத முடியும்.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

குணாளனிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், முகத்தைப் பார்க்காமல். எல்லாவற்றையும் – ஹோட்டல், எண், கழிவறை.

“எதுக்கு என்கிட்ட மறைச்ச?”

“சிரிப்பீங்கன்னு.”

“சிரிச்சிருப்பேன்தான்” என்றார். பிறகு, “அப்புறம் கூட வந்திருப்பேன்.”

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். எனக்குத் தட்டைவிட்டு எழ முடியவில்லை.

நாளைக்கு வள்ளியம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நான் போட்டிக்கு வந்தவள். இரண்டு, கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். முதலாவதை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்வது சுலபம். அதனாலேயே அப்படிச் செய்யக் கூடாது. கோபப்படுவார். கிளினிக் முழுக்கத் தெரிந்துவிடும், அலாவுதீன் அண்ணன் வரைக்கும். தெரியட்டும். ஐயோ, அதுவும் பொய். தெரியக் கூடாது என்றுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6 – புதன்

நடந்தது இது.

ஒன்பதே முக்காலுக்கு மகளோடு வந்தார். கதவைச் சாத்தினேன். உட்கார்ந்ததும், தொடங்கிவிட்டேன்.

“மொதல்ல ஒன்னு சொல்லணும்மா. அன்னைக்கு ஹோட்டல்ல நான் டயட் சொல்ல வரல. நானும் ஒங்கள மாதிரி போட்டிக்குத்தான் வந்தேன். என்னை எடுக்கல. ஒங்களுக்காக யார்கிட்டயும் நான் பேசவும் இல்ல.”

வள்ளியம்மா என்னைப் பார்த்தார். உடம்பைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான்.

“ஒன்னுமே பேசலையா?”

“இல்ல.”

“அப்ப அவங்களாவேதான் என்னை எடுத்தாங்களா?”

“ஆமா.”

மேசையில் ஓங்கி ஒரு தட்டு. “கேட்டியாடி! ஒரு வாரமா சிபாரிசு, சிபாரிசுன்னு கிண்டல் பண்ணியே! என்னைப் பாத்து எடுத்திருக்காங்கடி!” சிரித்தார். எட்டு வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் எதிர்பார்த்துத் தூங்காமல் கிடந்தது எதுவும் நடக்கவில்லை. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது!

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, இன்சுலின் போட்டுக்கொண்டு அரை வயிற்றோடு ஓடினால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். நிதானமாக, தமிழில், செய்ய வேண்டிய விதத்தில். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். டாக்டரிடமும் சொல்லிவிடுவேன் என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எப்ப எடுத்த ரிப்போட்டு?”

“ஜூன்.”

“அப்ப ஹோட்டல்ல பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரியும்.”

இதை நான் ஒத்திகை பார்க்கவில்லை.

“தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லல மிஸ்ஸி?”

“வெக்கமா இருந்துச்சு.”

திரையைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஒங்க வெக்கத்துல நான் பெட்டி வாங்கிட்டேன். சக்கரம் வச்சது. கேண்டீன்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்.”

படிவத்தை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு கிளினிக்கில் காட்டுவாரோ என்று பயந்து, சாந்தினியைப் பார்த்தேன். “இல்ல மிஸ்ஸி, போக விடமாட்டேன்” என்றாள். அவளும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கால் மணி நேரம் கழித்து ரொஸ்னா வந்தாள். அந்த அம்மா இனிமேல் தன்னிடம் வர வேண்டும் என்று கவுன்டரில் கேட்கிறாராம். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் உன்னைத்தானே கேட்பார்கள் என்றாள். மாற்றிக்கொள்ளலாம், அவருக்கு மலாய் வரும் என்றேன்.

நான் போனபோது கவுன்டரில் இருந்தவர் எழுந்து போயிருந்தார். சந்திப்பு அட்டையை நானே எழுத வேண்டியதாயிற்று. நவம்பர் 5, புதன், காலை ஒன்பதரை. ஆலோசகர்: ரொஸ்னா.

வள்ளியம்மா அட்டையை வாங்கி, எட்டத்தில் பிடித்துப் படித்தார். “ஒன்பதரைக்கு பஸ் கெடையாது. பத்து மணி போடுங்க” என்றார்.

மிஸ்ஸி என்று சொல்லவில்லை. ஒன்பதரையை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதிக் கொடுத்தேன்.