எதிர்வீட்டு ஃப்ரீசர்

மே 3, சனி

மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. மடிக்கும்போது வர்ஷாவின் பாவாடையிலிருந்து வெயில் வாசனை. நாளைக்குக் கத்திரி ஆரம்பம்.

ஃபிளாட்ஸ் வாட்ஸப் குரூப்பில் அறிவிப்பு வந்துவிட்டது. இந்த மாதம் 24, சனிக்கிழமை சாயங்காலம், கீழே பார்க்கிங்கில் பிள்ளைகளுக்கு சம்மர் பார்ட்டி. வீட்டுக்கு ஒரு அயிட்டம்.

போன வருடம் வர்ஷாவுக்கு ஜுரம் என்று போட்டேன். ஜுரமெல்லாம் இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் என்னிடம் வந்து, "அம்மா, எனக்கு ஜுரம் போயிடுச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் மற்றவர்கள் யோசிப்பதற்குள், "ஸ்வீட் நாங்க செய்றோம்" என்று போட்டுவிட்டேன். சாப்பாடு அவளுக்குத் தனி டப்பாவில் எடுத்துப் போகலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கப்பும் ஸ்பூனுமாக நிற்கும்போது அவள் கையிலும் அதே கப் இருக்க வேண்டும். நான் செய்தால் அதில் முந்திரி இருக்காது. அவ்வளவுதான் என் திட்டம்.

அவளுக்கு முந்திரி ஆகாது. மூன்று வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு ஸ்பூன் பாயசம். உதடு, கண் எல்லாம் வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஹைவேயில் ஆட்டோ நகரவே இல்லை. அதற்குமேல் எழுத வேண்டாம்.

இந்த ஃபிளாட்ஸில் யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாது என்பது ஆவடி அண்ணியின் உத்தரவு. என் கணவர் பிரசன்னாவின் அக்கா, ராஜகுமாரி. "பொண்ணு குழந்தை. நாளைக்கு ஒரு இடம் வரும்போது எவளாவது நோய்க்காரின்னு சொல்லி வைப்பா." அண்ணியைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் மகள் ராதிகாவுக்கு நிச்சயம்வரை வந்த சம்பந்தம், வீசிங் இருக்கிறது என்று யாரோ சொல்லி நின்றுபோனது. சூடு பட்டவர் சொல்கிறார். ஆனால் என் பெண்ணுக்கு இப்போது ஆறு வயதுதானே?


மே 7, புதன்

முதல் ஒத்திகையிலேயே க்ரீம் வெண்ணெயாகிவிட்டது. இந்த வெயிலில் பத்து நிமிடம் அடித்தால் வேறு என்ன ஆகும். பிரசன்னா அதைத் தோசைக்குத் தடவிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.


மே 11, ஞாயிறு

இரண்டாவது தடவை கல். கத்தி இறங்கவில்லை. மாம்பழக் கூழை அப்படியே ஊற்றியதால் தண்ணீர் முழுக்க ஐஸாகிவிட்டது.


மே 16, வெள்ளி

வந்துவிட்டது. சரியாக வந்துவிட்டது.

மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். பங்கனபள்ளிக் கூழை அடுப்பில் வைத்து, ஜாம் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி ஆற வைக்க வேண்டும். விடியற்காலையில், பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து க்ரீமை அடிக்க வேண்டும். மில்க்மெய்டும் கூழும் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும். ட்ரேயில் பிஸ்கட் ஒரு வரிசை, க்ரீம் ஒரு வரிசை, திரும்ப பிஸ்கட், திரும்ப க்ரீம். மேலே பிஸ்கட் தூள். மூடி ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க. ஓவன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பிஸ்கட்டுக்குத்தான் அலைந்தேன். பூந்தமல்லிக் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பின்பக்கம் படித்துக்கொண்டு நின்றேன். "முந்திரி, பாதாம் கலந்திருக்கக்கூடும்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரி இல்லாத பாக்கெட் நான்காவது. கடைப்பையன், "இன்னாக்கா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான்.

வர்ஷா இரண்டு துண்டு சாப்பிட்டாள். "இது எல்லாருக்குமா? எனக்குமா?" என்று கேட்டாள். உனக்கும்தான் என்றேன்.


மே 22, வியாழன்

இரண்டு பெரிய ட்ரே. எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒன்றுகூட நுழையவில்லை. இதை முதலிலேயே அளந்து பார்த்திருக்க வேண்டாமா? எம்.சி.ஏ. படித்த மூளை.

எதிர்வீட்டுத் தெரசாக்காவிடம் கேட்டேன். ரெனிதாவின் அம்மா. பிறந்து வளர்ந்ததெல்லாம் பூந்தமல்லிதான். ரெனிதாவும் வர்ஷாவும் ஒரே வகுப்பு. அவர்கள் ஃப்ரீசர் பீரோ மாதிரி இருக்கும். "இதுக்கு இன்னா தயங்கிக்கினு நிக்கிற. எடுத்தாடி" என்றார். உள்ளேயிருந்த வஞ்சிரத்தை இன்றைக்கே குழம்பு வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் போட்டு அலம்பித் தருவாராம். அவர் கணவர் கிறிஸ்துதாஸ் அண்ணன் கல்லூரி பஸ் ஓட்டிவிட்டு வந்து, வியாழக்கிழமையே மீன் விருந்து என்று சந்தோஷமாகச் சாப்பிட்டாராம்.


மே 23, வெள்ளி

ட்ரே இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். தெரசாக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தார். "முந்திரி காணோமே? முந்திரி இல்லாம இன்னா ஸ்வீட்டு?"

ஒரு நிமிடம். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம். அண்ணியின் முகம் வந்தது.

"பசங்களுக்குப் பல்லுல மாட்டும்க்கா" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். அதோடு முடிந்தது.


மே 24, சனி

எப்படி எழுதுவது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பலூன், பாட்டு, ஸ்பூனில் எலுமிச்சம்பழ ஓட்டம். ட்ரேயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். நான் வெட்ட, தெரசாக்கா கப்பில் போட்டுக் கொடுத்தார். வர்ஷாவுக்கும் அவர்தான் கொடுத்தார். வர்ஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள், சாப்பிடலாமா என்று. நான் தலையாட்டினேன். நான்தான் தலையாட்டினேன்.

அப்போது தெரசாக்கா என் காதோரம் வந்து சொன்னார்: "வாசன பாத்தியா நிஷாமா? வெறும் பிஸ்கட்டுத் தூளு ஒரு மாதிரி ஏழையா இருந்திச்சு. நாலு பேரு வர்ற எடத்துல உனக்கு ஒரு மரியாத வாணாமா? காலைல நெய்யில முந்திரி வறுத்து, மிக்ஸில நைசா அரைச்சு தூவிட்டேன். பல்லுல மாட்டாது."

பல்லில் மாட்டாது. நான் சொன்ன பொய்க்கு ஏற்றபடி, கண்ணுக்கே தெரியாத மாதிரி அரைத்திருக்கிறார்.

வர்ஷாவின் கையைத் தட்டிவிட்டேன். கப் பறந்து தெரசாக்காவின் புடவையில் விழுந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன்.

கை, வாய், முகம் கழுவி, சட்டையை மாற்றி, டாக்டர் கொடுத்திருந்த அலர்ஜி ஊசியையும் சிரப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்பூன் உதடுவரை போகவில்லை. போகலதானே? "நான் சாப்பிடவே இல்லம்மா, நீதான் தட்டிவிட்டுட்ட" என்று அழுதாள். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.

தெரசாக்கா புடவையைப் பார்த்தபடி நின்ற நிற்பு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.


மே 25, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ட்ரே இரண்டும் கழுவித் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக. பெல் அடிக்கவில்லை. ரெனிதா விளையாட வரவில்லை.

மாலையில் குப்பை போட இறங்கும்போது, கீழ்ப்படியில் தெரசாக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எங்க கை பட்டா ஆவாதுன்னா, எங்க ஃப்ரீசரு மட்டும் எப்டி ஆச்சு?"

குப்பைப் பையோடு திரும்ப மேலே வந்துவிட்டேன்.

அப்படியா நினைத்துவிட்டார். அப்படித்தான் நினைப்பார். அவர் கையால் கொடுத்ததைத் தட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனால் வேறு என்ன நினைக்க முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.


மே 26, திங்கள்

பிரசன்னா சொல்கிறார், நாலு நாளில் மறந்துவிடுவார்களாம். மறக்க மாட்டார்கள். இதையெல்லாம் யாரும் மறப்பதில்லை.

சொன்னால் அண்ணிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் எதிர்வீட்டில் ஒரு மனுஷி, நான் அவரைத் தீண்டத்தகாதவராக நினைத்தேன் என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

தூங்கப் போகும்முன் வர்ஷா கேட்டாள்: "ரெனிதா அம்மாவுக்கு என்மேல கோவமா? நான்தான் கீழ கொட்டிட்டேன்னு நெனச்சிட்டாங்களா?"

நாளைக்குப் போகிறேன். அண்ணி என்ன சொன்னாலும் சரி.


மே 27, செவ்வாய்

பெல் அடித்தேன். தெரசாக்கா மரக்கதவைத் திறந்தார், கிரில்லைத் திறக்கவில்லை. நான் வெளியே நின்றபடியே சொன்னேன். முந்திரி, கல்யாணப் பாயசம், ஆட்டோ, அண்ணி சொன்னது, பல்லில் மாட்டும் என்று நான் சொன்னது, எல்லாம். ஒழுங்காகச் சொன்னேனா தெரியவில்லை. பாதியில் அழுதுவிட்டேன்.

அவர் கிரில்லைத் திறந்து, அப்படியே செருப்பு ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ சாப்ட்டா?"

"சாப்பிடலக்கா."

"நெசமா?"

"நெசமா."

பிறகுதான் கோபம் வந்தது. "நாந்தான்டி அந்தப் புள்ள கையில கப்பு குடுத்தேன். ஏதனா ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு இந்த ஊட்டுல இருப்பேன்? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லிருந்தா முந்திரிய வாசப்படி தாண்ட வுட்டுருப்பேனா? பல்லுல மாட்டுமாம். அதையும் நம்பிக்கினு மிக்ஸில போட்டு அரைச்சேன் பாரு."

நான் தலைகுனிந்து நின்றேன். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எப்படிச் சொல்வது. யாராவது இதற்காக என்னைத் திட்ட வேண்டும் என்றே மூன்று நாளாகக் காத்திருந்த மாதிரி.

சட்டென்று எழுந்து உள்ளே போனார். ஃப்ரீசர் திறக்கிற சத்தம். ஒரு சின்ன டப்பாவோடு வந்து, மூடியைத் திறக்காமலேயே காட்டினார்.

"அன்னிக்கே ஒரு துண்டு எடுத்து வச்சேன். உம்மேலதான் கோவம், புள்ளமேல இன்னா கோவம். அது நம்மூட்டாண்ட வந்தா குடுக்கலாம்னு."

இருவரும் அந்த டப்பாவையே பார்த்தோம். ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால்? வர்ஷா அந்த வீட்டுக்குள் ஓடியிருந்தால்?

தெரசாக்கா டப்பாவோடு அப்படியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு குழாயடியில் கையை நெடுநேரம் கழுவினார்.


மே 28, புதன்

குரூப்பில் நானே எழுதினேன். நான்கு வரி. வர்ஷாவுக்கு முந்திரி ஆகாது, அன்று நடந்தது அதனால்தான், தெரசாக்காமேல் எந்தத் தவறும் இல்லை, முன்பே சொல்லாதது என் தவறு. அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

எடுத்துப் பார்த்தபோது, மூன்றாவது மாடி ஜெகதீஷின் அம்மா தன் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது என்று போட்டிருந்தார். இரண்டு வருடமாக ஒரே லிஃப்டில் போய்வருகிறோம்.


ஜூன் 1, ஞாயிறு

அண்ணியிடம் பிரசன்னா சொல்லட்டும் என்று விடவில்லை. நானே ஃபோன் செய்தேன்.

நிறையத் திட்டினார். ராதிகா கதையைத் திரும்பச் சொன்னார், முதல் தடவை சொல்வது மாதிரியே. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அண்ணி, அந்த டப்பா அவ கைக்குப் போயிருந்தா, எடம் பாக்கறதுக்குப் பொண்ணு இருந்திருக்க மாட்டா" என்றேன். இப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை.

வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "அந்த சிரப்பு பேரு என்ன? இங்கயும் ஒண்ணு வாங்கி வைக்கிறேன். லீவுக்கு வந்தா இருக்கட்டும்." வேறு எதுவும் பேசவில்லை.


ஜூன் 14, சனி

இன்றைக்கு வெளிச்சத்திலேயே எழுதுகிறேன். வீட்டில் யாரும் இல்லை. பிரசன்னா ஆபீஸ். வர்ஷா எதிர்வீட்டில், ரெனிதாவின் பிறந்தநாளில்.

நேற்றுக் காலையில் தெரசாக்கா என்னைக் கூப்பிட்டு அடுக்களையில் உட்கார வைத்தார். நான்கு பிஸ்கட் பாக்கெட்டுகள். ஃபோனில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இந்தப் பொடி எழுத்துல இன்னா போட்டுகீறான் படி" என்றார். ஒன்றுதான் தேறியது. மிக்ஸிக்குப் புது ஜார் வாங்கியிருந்தார். மாம்பழக் கூழை நான் சொன்னதைவிட நன்றாகவே சுண்டவைத்திருந்தார். "ஜாமுக்குக் கொஞ்சம் முன்னாலன்னியே, எனக்கு அதெல்லாம் தெரியாது, கரண்டியில ஒட்டுதான்னு பாத்தேன்" என்றார்.

சிரப்பு அவர்கள் ஃப்ரிட்ஜ் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில். ஊசி எப்படிப் போடுவதென்று கிறிஸ்துதாஸ் அண்ணனும் கற்றுக்கொண்டார். "நீ ஊட்டுலயே இரு. சும்மா வந்து வந்து எட்டிப் பாத்தா புள்ளைக்கு வெக்கமா இருக்கும்" என்று இன்றைக்குத் தெரசாக்கா என்னை அனுப்பிவிட்டார்.

இரண்டு தடவை கதவுவரை போய்த் திரும்பினேன். பாத்திரம் துலக்கினேன். துலக்கியதையே திரும்பத் துலக்கினேன்.

இப்போது படியில் யாரோ ஏறி வருகிறார்கள். அவர்கள் உறவுக்காரர் போலிருக்கிறது. தெரசாக்காவின் குரல் வாசலிலேயே அவரை நிறுத்துகிறது.

"கைல இன்னா அது, ஸ்வீட்டா? முந்திரி கீதா? கீதில்ல? அத்த வண்டியில வச்சிட்டு, கை கழுவிக்கினு வா. அப்பால உள்ள வுடறேன்."

அந்த மனிதர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே படி இறங்குகிறார்.

உள்ளே பிள்ளைகள் கத்துகிறார்கள். ட்ரேயை வெளியே எடுத்துவிட்டார்கள் போல. வர்ஷாவின் குரலும் கேட்கிறது.

நான் எழுந்து போகவில்லை.