வெயில் குழாய்

8 மார்ச் 1974, வெள்ளி
தேவானையை இன்றும் பள்ளிக்கு அனுப்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, மூச்சிரைப்பில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். வாசலிலேயே பஸ் ஸ்டாப். தி.நகர் பஸ்ஸெல்லாம் எங்கள் ஜன்னலில்தான் புகையைக் கக்கும். இவரோ பாத்திரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொட்டைமாடியில் கண்ணாடி பதிக்கிறார். தரையெல்லாம் தார், நடுவில் தென்னை உயரத்துக்குத் தகரக்குழாய். "வெயில்ல காத்து சூடாகி மேல ஏறும் வடிவு. ஏறும்போது தெருப் புகையை இழுக்கும். குழாய் வாயில கட்டுற ஈரக்கோணி கரியைப் பிடிச்சுக்கிடும். தெருவுக்கு ஒண்ணு வச்சா மெட்ராஸே சுத்தமாயிரும்" என்கிறார். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள், இவருக்கு மெட்ராஸ் கவலை.

24 மார்ச்
வாய்க்கு வந்தபடி ஏசினேனே, என்னைச் சொல்ல வேண்டும். தேவானையின் ஜன்னலுக்குக் கீழே குழாய்க்கு வாய் வைத்திருக்கிறார். கோணி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பிள்ளை மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அழுதுவிட்டேன்.

5 ஏப்ரல், வெள்ளி
எதிர்வீட்டுப் புஷ்பம் வந்து சண்டை. "இன்னா வடிவு, எங்கூட்ல சாம்பிராணி போட்டா பொக நிக்க மாட்டேங்குது. வெளக்கு உங்கூட்டுப் பக்கமே சாயுது. உங்க குழா எங்கூட்டு லட்சுமிய உறிஞ்சிக்கினு கீது." உன் வீட்டுக்கு எப்போது லட்சுமி வந்தாள் என்று கேட்டு அனுப்பினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலுக்கு வந்தால் — தெருவில் இரண்டு பக்கமும், ஒவ்வொரு வீட்டு நடையிலிருந்தும் சாம்பிராணிப் புகை தரையோடு ஊர்ந்து எங்கள் வீட்டை நோக்கி வருகிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

6 ஏப்ரல்
தேவானை சொல்கிறாள்: "மூச்சை நான் இழுக்கவே வேண்டாம்மா. தானா உள்ள வருது."

19 ஏப்ரல்
காலையிலிருந்து மூட்டம். வெயில் பொட்டுக்கூட இல்லை. குழாயைத் தொட்டால் ஐஸ். ஆனாலும் கோணி விம்மி உள்பக்கம் போகிறது. வெயில் இல்லாமல் எப்படி இழுக்கிறது என்று கேட்டேன். கோணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

21 ஏப்ரல்
ஆள் வைத்துக் குழாயை இறக்கிவிட்டார். கண்ணாடியைப் பெயர்த்தாயிற்று, வாயைச் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. இனி அந்த மூச்சிரைப்பு திரும்பிவிடுமோ? திரும்பினால் நான் என்ன செய்வேன்? முருகா, பிள்ளையை விட்டுவிடு.

26 ஏப்ரல், வெள்ளி
திரும்பவில்லை. தெருவில் பாண்டி ஆடினாள். பஸ் புகைக்கு நடுவிலேயே நின்று ஆடினாள், ஒரு இருமல் கிடையாது. களைத்துப் போய் மத்தியானம் படுத்தாள்.

சாயங்காலம் புஷ்பம் வாசலில் நின்றாள். சண்டைக்கு வரவில்லை. "குழாயத்தான் எடுத்துட்டீங்களே வடிவு. அப்புறம் ஏன் வெளக்கு இன்னும் சாயுது?"

சாம்பிராணிக் கரண்டியோடு உள்ளே போனேன். புகை சாமிப் படத்தைத் தாண்டி, தேவானையின் கட்டிலைப் பார்த்துப் போயிற்று. இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேவானை சுகமாகத் தூங்குகிறாள். மூச்சு உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே விடுவதை இன்னும் பார்க்கவில்லை.