மூன்று பீப்

1.10.98, வியாழன். விஜயதசமி.

காலையில் தூறல், பிறகு வெயில்.

புது மெமரியின் உறையைப் பிரித்ததும் சந்தன வாசனை. பக்கத்துக் கட்டடம் ஊதுபத்திக் கிடங்கு. மண்டி மொஹல்லாவில் எதை முகர்ந்தாலும் இந்த வாசனைதான். விட்டுவிட்டேன்.

எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை முழுக்க நேற்றைய ஆயுத பூஜைப் பொட்டு. ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், போன், சேகர் அண்ணாவின் ஸ்கூட்டர், என் ஸ்டூல்கூட. (முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் அண்ணா.)

இன்று என் முதல் மெஷின்! இதுவரை போன் எடுப்பது, பில் எழுதுவது, தூசி தட்டுவது. போனில் என் குரல் எழும்பாது, ஆட்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். இன்று அண்ணாவே சொன்னார்: "விஜயதசமி. எதை ஆரம்பிச்சாலும் வெளங்கும். கலா, மெமரிய நீ ஏத்து. நல்லா வந்தா ரிப்பேர் டேபிள் உனக்கு. வரலன்னா பழையபடி போன்."

காலேஜ் லெக்சரர் ஒருவருடைய பழைய லேப்டாப். போர்டிலேயே 8 எம்பி. அடியில் ஒரு ஸ்லாட், அதில் 4. நாலைக் கழற்றி 16 போட வேண்டும். மொத்தம் 24. திங்கட்கிழமை செமினாரில் இதில்தான் படம் காட்டப் போகிறாராம்.

செய்தது: பேட்டரி வெளியே. தண்ணீர்க் குழாயைத் தொட்டு உடம்பில் உள்ள கரண்டை இறக்கினேன். இரண்டு ஸ்க்ரூ. மூடி. நாலு வெளியே. பதினாறு சாய்வாக உள்ளே, மெதுவாக அழுத்தம். 'டக்'.

அந்த டக் எவ்வளவு நன்றாக இருந்தது.

ஆன் செய்தேன். கறுப்புத் திரை. பீப், பீப், பீப்.

கழற்றி மாட்டினேன். மூன்று பீப். மறுபடியும். மூன்று பீப்.

"ஏனம்மா, தசரா ஆனை பாக்கற அவசரத்துல தலைகீழா மாட்டிட்டியா?" அண்ணா வந்து தானும் ஒரு முறை மாட்டினார். பீப். "பெங்களூர்க்காரன் டூப்ளிகேட் பீஸ அனுப்பிட்டான் போல. போ, ஊர்வலம் பாரு."

போனேன். பார்த்தது ஒரு பலூன்காரர் முதுகு. காதில் பீப்.

2.10.98, வெள்ளி.

காந்தி ஜெயந்தி. பாதி ஷட்டர். வானம் மூட்டம்.

ராத்திரி யோசித்தது: பதினாறு கெட்டது என்றால் பழைய நாலைப் போட்டால் ஓட வேண்டும். நேற்று காலை வரை ஓடியதுதானே. போட்டேன்.

மூன்று பீப்.

ஸ்லாட்டைக் காலியாக விட்டு ஆன் செய்தால் ஓடுகிறது, 8 காட்டுகிறது. அப்படியானால் கோளாறு ஸ்லாட்டில்.

அண்ணா முகம் மாறியது. "அழுத்தி ஒடச்சிட்டியா?"

"இல்லங்கண்ணா."

"போர்டையே மாத்தற கதை இது. அவர்கிட்ட என்னன்னு சொல்றது? டிப்ளமோ படிச்ச ஆளு யாரயாச்சும் பாக்கணும். நீ போன எடு, போதும்."

அப்போதே போன் அடித்தது. லெக்சரர். "ஆய்த்தா, அம்மா?" முடிந்ததா என்கிறார். "நாளைக்கு, சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

அம்மா ஹெப்பாள் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, "எதுக்கு மொகத்தத் தொங்கப் போட்டிருக்கற? போன் எடுக்கற வேலைக்கு என்ன கொறச்சல்? நெழல்ல உக்காந்து பாக்கற வேல" என்றாள். நான் பேசவில்லை. படிப்பை ஒன்பதாவதோடு நிறுத்தியபோதும் பேசவில்லை. இங்கே எழுதுகிறேன்: எனக்குப் போன் வேண்டாம். டேபிள் வேண்டும்.

நான் உடைக்கவில்லை. உடைந்தால் சத்தம் வேறு. நான் கேட்டது டக் மட்டும்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

3.10.98, சனி.

நல்ல வெயில். தூசி தட்டுகிற சாக்கில் லேப்டாப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின் எதுவும் வளையவில்லை. ஆனால் ஒரு ஓரமாக நாலைந்து பின்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ. துருவா? தங்கப் பூச்சுப் பின் துருப் பிடிக்காது; இது மாவாக உதிர்ந்தது.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். சந்தனம்.

கிடங்கு வாசனையில் புகை கலந்திருக்கும். இது அரைத்த சந்தனம்.

ஞாபகம் வந்தது. பூஜையன்று அண்ணா பதினாறை உறையிலிருந்து எடுத்து, "புதுசுக்குப் பொட்டு வெக்காம இருக்கலாமா" என்று அந்தத் தங்க நிற ஓரத்தில்தான் வைத்தார். ஊதிக் காயவைத்து உறைக்குள் போட்டார். புதியதிலிருந்து ஸ்லாட்டுக்கு, ஸ்லாட்டிலிருந்து பழையதற்கு. இரண்டிலும் பார்த்தேன், மெல்லிய தடம்.

எப்படிச் சொல்வது? சாமிக்கு வைத்த பொட்டால்தான் கெட்டது என்று, தசரா முடிந்த சூட்டோடு, அவரிடமே? மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அண்ணா ரிசீவரை எடுத்து லெக்சரர் நம்பரைச் சுற்ற ஆரம்பித்தார், போர்டு போச்சு என்று சொல்ல. என் கை போய் ரிசீவர் வைக்கும் கட்டையை அழுத்தி லைனை வெட்டிவிட்டது.

"ஒரே ஒரு தடவைங்கண்ணா. நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"அடடே, உனக்குக் குரல்கூட இருக்கா?"

நின்றார், கை கட்டிக்கொண்டு.

ஸ்பிரிட், புது டூத் பிரஷ், காது குடையும் பட்ஸ். பின்களின் மேல் ஒரே திசையில், அழுத்தாமல். மெமரியின் ஓரத்துக்கு பென்சில் ரப்பர். ஈரம் காயும்வரை காத்திருந்தோம். பதினாறு. டக்.

ஆன்.

ஒரே ஒரு பீப். திரையில் எண்கள் ஓடின. எட்டைத் தாண்டியது. பன்னிரண்டைத் தாண்டியது. இருபத்து நான்கில் நின்றது.

"என்ன பண்ணின?"

பழுப்பான பட்ஸை நீட்டினேன். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"சாமுண்டி தாயே! ஒரு துளிதானேம்மா வெச்சேன்?"

"ஆமாங்கண்ணா. துளிதான்."

சிரிக்கவா வேண்டாமா என்பதுபோல் நின்றுவிட்டு, நம்பரைச் சுற்றி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். "நீயே சொல்லு."

"ஆய்த்து, சார்" என்றேன். அவர் ஹலோ ஹலோ என்று கத்தவில்லை.

எண்ணெய் மறந்தேன்.

5.10.98, திங்கள்.

வெயில், காற்று. என் ஸ்டூல் ரிப்பேர் டேபிள் பக்கம் வந்துவிட்டது. பொட்டு இன்னும் அதில் இருக்கிறது.

போனும் நானே எடுக்க வேண்டுமாம். சரி.

பதினொரு மணிக்கு பெங்களூர் பார்சல். இன்னொரு லேப்டாப்புக்கு இன்னொரு பதினாறு. அண்ணா டப்பாவைத் திறந்து பார்த்து, "புதுசாச்சே" என்றார். கை தானாகவே சாமி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்துக்குப் போனது.

மெமரியை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, காலி டப்பாவை அவரிடம் நீட்டினேன்.