கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை ஷூ

டெட்ராய்ட்
பிப்ரவரி 9

செல்ல மகள் ஸெனோபியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலும் உன் அம்மாவின் வாயும்தான் ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. பெர்லின் பனியில் வழுக்கி ஒடித்துக்கொண்ட கணுக்கால் எப்படி இருக்கிறது, மாவுக்கட்டு பிரித்தார்களா, வலி இருந்தால் மறைக்காமல் சொல்.

உன் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நீ வரமுடியாமல் போனாலும் நாங்கள் போய்விட்டு வந்தோம். அம்மா மிங்க் ரோமக் கோட்டு போட்டுக்கொண்டாள், என்னோடு கார் ஆலையில் பக்கத்து எந்திரத்தில் நின்ற கிளியோபஸ் ஆரஞ்சு நிறச் சூட்டும் அதே நிறத் தொப்பியுமாக வந்தான், அருங்காட்சியகத்தில் பாதிப் பேர் அவனையும் காட்சிப்பொருள் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். என்னை ராஜா மாதிரி உட்காரவைத்து நீ வரைந்த படம் சுவர் உயரம் இருக்கிறது. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் என் பச்சை முதலைத்தோல் ஷூ. குனிந்து பார்த்தேன், காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து, "பெரியவரே, தொடக்கூடாது" என்றாள். கிளியோபஸ், "அது அவர் காலுல கிடந்ததும்மா" என்றதும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தாள்.

அதுவரை சந்தோஷம்தான். பிறகு நீ பக்கத்தில் எழுதிவைத்த வரியைப் படித்தேன். 'மதிப்பு மறுக்கப்பட்ட மனிதர், அதைக் கடையில் விலைக்கு வாங்கினார்.' கிளியோபஸ் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏம்ப்பா ரூஸ்வெல்ட், உன்னை யாரும் மதிக்கலையா, எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றான். எங்களோடு வந்திருந்த நம் சபைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது மகளே. வாரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் நின்றவன் ஞாயிற்றுக்கிழமை அழகாக உடுத்தினேன், அழகு எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான், இதில் எவன் மதிப்பு எனக்கு வேண்டிக்கிடக்கிறது என்று அங்கேயே உன்னிடம் போனில் கத்த இருந்தேன். அம்மா போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

ஆனால் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றபோது யாரிடமும் சொல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. அதை வாங்கியது இங்கே அல்ல, அலபாமாவில், எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வெள்ளைக்காரன் கடையில் கறுப்பர்களான நம் ஆட்கள் ஷூவுக்குள் காலை விட்டுப் பார்க்கக்கூடாது. காகிதத்தில் பாதத்தை வரைந்து கொண்டுபோயிருந்தேன், கடைக்காரன் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, "இதுதான் இருக்கு, வேணும்னா எடு" என்றான். அரை அளவு சிறியது. அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டுதான் வடக்கே பஸ் ஏறினேன். அம்மாவைச் சந்தித்த நடனம், எங்கள் கல்யாணம், உன் ஞானஸ்நானம், எல்லாவற்றுக்கும் விரல் நசுங்க அதில்தான் நின்றேன். வலிக்கிறது என்றால் ஏன் என்று கேட்பார்கள், காரணம் சொன்னால் அந்தக் கடைக்காரன் நம் வீட்டுக்குள் வந்துவிடுவான். அதனால் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ரேடியோவை அணைத்தாள். பிறகு, "இத்தனை வருஷமா டான்ஸ் ஆடுறப்பல்லாம் என் மேல சாஞ்சது காதல்னு நினைச்சிட்டிருந்தேனே, கால் வலியா?" என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். சிக்னல் பச்சையாகியும் நான் வண்டியை எடுக்கவில்லை, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

ஆகவே உன் வரியை எடுக்க வேண்டாம், அதில் பொய் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி மட்டும் சேர்: 'அதைப் போட்டுக்கொண்டு அவர் நன்றாக ஆடினார்.' சாட்சிக்கு உன் அம்மா இருக்கிறாள்.

கர்த்தர் உன்னைக் காத்து உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. படத்தில் என் மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டாய், அதையும் மன்னித்தேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்.

உன்னை நினைத்துத் தலைநிமிர்ந்து நடக்கும்,
அப்பா
ரூஸ்வெல்ட் டில்லரி